திங்கட்கிழமை போகாதீர்கள்: குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை பார்க்க ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலில் தேயிலைத் தொழிற்சாலை பார்க்கக் குன்னூருக்குப் போனது ஒரு திங்கட்கிழமை. திண்டுக்கல்லிலிருந்து நள்ளிரவு கழிந்ததும் கிளம்பி, மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, மலையேறும்போது இளையவன் இரண்டு முறை வாந்தி எடுத்து, ஒருவழியாக ஒரு தொழிற்சாலை வாசலில் போய் நின்றோம். காவலாளி எங்கள் கோலத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "இன்றைக்கு எந்திரம் ஓடாதுங்க. நேற்று ஞாயிறு, கொழுந்து பறிக்கவில்லை. கழுவிவிடுகிற வேலைதான் நடக்கிறது" என்றார். கம்பிக் கதவு வழியாக ஈரத்தரையும் ரப்பர் குழாயோடு ஓர் ஆளும் தெரிந்தார்கள். அவ்வளவுதான் நாங்கள் பார்த்த தொழிற்சாலை.

இரண்டாவது முறை சுற்றுலாப் பயணிகளுக்கென்றே டிக்கெட் போட்டுக் காட்டும் ஓர் இடத்துக்குப் போனோம். எந்திரம் ஓடியது. ஆனால் பத்து நிமிடத்தில் கடைக்குள் தள்ளப்பட்டு, 1,400 ரூபாய்க்குப் பொருள்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். அதில் டீத்தூள் 300 ரூபாய்க்குத்தான் இருந்தது. மூன்றாவது முறைதான் ஒழுங்காகப் பார்த்தோம், ருசித்தோம், கேட்டுத் தெரிந்துகொண்டோம். அந்த மூன்றாவது முறையை நீங்கள் முதல் முறையிலேயே அடைய என்ன செய்யவேண்டும் என்பதை எழுதுகிறேன்.

பெங்களூரில் பீர் காய்ச்சும் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த என் தம்பி, "எப்போது போனாலும் தொட்டியில் ஏதாவது நொதித்துக்கொண்டிருக்கும், காட்டுவார்கள்" என்றான். தேயிலை அப்படியில்லை. பறித்த கொழுந்து மறுநாளுக்குள் தூளாகிவிட வேண்டும். அதன் நேரத்துக்கு நாம் போகவேண்டும்.

1. எந்த மாதிரி இடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டிக்கெட் போட்டுக் காட்டும் இடங்கள் ஒரு வகை. ஊட்டியில் தொட்டபெட்டா சாலையில் அருங்காட்சியகத்தோடு சேர்ந்தே ஒன்று இருக்கிறது. குன்னூரில் சிம்ஸ் பூங்காவைத் தாண்டிப் போகும் பக்கத்திலும் இப்படிப்பட்ட இடம் உண்டு. முன் அனுமதி வேண்டாம், கட்டணம் குறைவு, ஒரு கோப்பை டீயும் தருவார்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுவே போதும். விடுமுறை நாட்களில் மட்டும் கூட்டம் உங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு வகை, வேலை நடக்கும் தொழிற்சாலைகள். இவற்றில் பல, சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்குபவை. கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. இன்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின்கீழ் 16 தொழிற்சாலைகள். ரேஷன் கடையில் வாங்கும் ஊட்டி டீ இவர்களுடையதுதான். பெரிய எஸ்டேட்டுகளுக்குச் சொந்தத் தொழிற்சாலை இருக்கும். இங்கெல்லாம் யாரும் உங்களை எதிர்பார்த்து நிற்கவில்லை. கேட்டு, அனுமதி வாங்கித்தான் போகவேண்டும். கொஞ்சம் மெனக்கெட முடியும் என்றால் இதற்கே போங்கள் என்பேன்.

2. நாளையும் நேரத்தையும் கொழுந்து தீர்மானிக்கிறது

இதைச் சரியாகச் செய்துவிட்டால் மீதியெல்லாம் சுலபம். பகலில் பறிக்கும் கொழுந்து மாலையில்தான் லாரியில் தொழிற்சாலைக்கு வந்து சேரும். வந்தவுடன் அரைக்க முடியாது. இரவெல்லாம் காற்றில் வாடவேண்டும். அதற்கு 12 முதல் 16 மணி நேரம் பிடிக்கும். ஆக, எந்திரங்கள் சுறுசுறுப்பாக ஓடுவது விடியற்காலையிலிருந்து முற்பகல் வரை. ஊட்டி ஏரியில் படகு விட்டு, பூங்கா பார்த்து, சாப்பிட்டு, நான்கு மணிக்குத் தொழிற்சாலைக்கு வருகிறவர்கள் நின்றுபோன எந்திரங்களைத்தான் பார்ப்பார்கள். இலை அதிகமாக வரும் மாதங்களில் இரவு பகலாக ஓடும் என்பது உண்மை. அந்த அதிர்ஷ்டத்தை நம்பிப் போகாதீர்கள். காலை எட்டிலிருந்து பத்துக்குள் உள்ளே இருப்பது நல்லது.

நாள் கணக்கும் இதிலிருந்தே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பறிப்பு இல்லாத இடத்தில் திங்கள் காலை அரைக்க இலை இருக்காது. செவ்வாய் முதல் சனி வரை ஏதாவது ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் நாள், ஊர்த் திருவிழா நாள் என்றால் அதற்கு மறுநாளும் இதே கதைதான்.

மாதம் என்று பார்த்தால், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி. இலை வரத்து குறைந்து, தினமும் ஓட்டாத தொழிற்சாலைகள்கூட இருக்கும். ஆனால் அந்தக் குளிரில் மெதுவாக வளரும் கொழுந்தில் செய்த டீக்குத் தனி மணம். அதற்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. பார்ப்பதற்கு மே, ஜூன். ருசிப்பதற்கு ஜனவரி என்று நான் பிரித்துவைத்திருக்கிறேன். மே மாதக் கூட்டத்தைத் தாங்க முடியாதவர்கள் செப்டம்பர், அக்டோபரில் போகலாம்.

3. இ-பாஸும் மற்ற காகிதங்களும்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் போக இ-பாஸ் வேண்டும். தமிழக அரசின் இ-பாஸ் தளத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்து, வாகன எண், எத்தனை பேர், எந்தத் தேதி வருகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று நிரப்பினால் கிடைத்துவிடும். இதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால், அது அவருடைய கூலி, அரசுக் கட்டணம் அல்ல. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. எனவே சீசனில் கிளம்புகிற அன்று காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். என் வண்டி எண்ணுக்குப் பாஸ் எடுத்திருந்தேன். கிளம்பும் நேரத்தில் பேட்டரி இறங்கிவிட, தம்பியின் வண்டியில் போனோம். பாஸ் மாற்றவேண்டும் என்பது கல்லாறு சோதனைச் சாவடியில்தான் உறைத்தது. அங்கே என் கைபேசியில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். பின்னால் வண்டிகள் ஒலியெழுப்ப, ஓரமாக நின்று புதிய பாஸ் எடுத்து முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. வண்டி மாறினால் பாஸும் மாறும். பாஸின் படத்தை முன்கூட்டியே கைபேசியில் சேமித்துவையுங்கள். அச்செடுத்து வைத்தால் இன்னும் நிம்மதி. வாடகைக் கார் என்றால் பாஸ் யார் எடுப்பது என்பதை ஓட்டுநரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பை எதுவும் மலைமேல் ஆகாது. சாவடியில் பார்த்து எடுத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் குடுவையும் துணிப்பையும் கொண்டுபோங்கள்.

தொழிற்சாலைக்குள் போக ஆதார் போன்ற ஓர் அடையாள அட்டை, ஒரு நகல். கல்லூரி மாணவர்கள் குழுவாகப் போனால் துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வாங்கிப் போங்கள். வேலை சீக்கிரம் நடக்கும்.

4. ஏறும் வழி

முதல் நாளே குன்னூரில் போய்த் தங்குங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயில் அழகுதான். ஆனால் அது குன்னூர் சேரும்போது பத்து மணிக்கு மேலாகிவிடும், நம் காரியம் கெடும். ரயிலைத் தனி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வந்தால் கீழ்க்குன்னூரில் இறங்குவீர்கள். பெட்போர்டு, சிம்ஸ் பூங்கா எல்லாம் மேல்குன்னூர். இரண்டுக்கும் நடுவே நல்ல ஏற்றம், பெட்டியோடு நடக்கப் பார்க்காதீர்கள். சீசனில் குன்னூர் வழி ஏறவும் கோத்தகிரி வழி இறங்கவும் என்று ஒருவழிப் பாதையாக்குவார்கள். திரும்பும் நேரத்தைக் கணக்கிடும்போது அதை மறக்கவேண்டாம்.

5. அனுமதி கேட்பது

போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு போன் செய்யுங்கள். தொலைபேசியை எடுப்பவர் பெரும்பாலும் அலுவலக எழுத்தர். அவரால் முடிவு சொல்ல முடியாது. மேலாளரோடோ, டீமேக்கரோடோ பேசவேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். டீமேக்கர் என்பவர்தான் உள்ளே நடக்கும் உற்பத்திக்கெல்லாம் பொறுப்பு. அவர் சரி என்றால் சரி.

என்ன சொல்லவேண்டும்? எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, எந்த நாள், எவ்வளவு நேரம். "அரை மணி நேரம் போதும், படம் எடுக்க மாட்டோம்" என்று நீங்களாகவே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். எனக்கு இரண்டு இடங்களில் முடியாது என்றார்கள், மூன்றாவது இடத்தில் வாருங்கள் என்றார்கள். முடியாது என்றவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. மளமளவென்று இலை வந்து கொட்டும் நேரத்தில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களை யார் மேய்ப்பது?

முதல் நாள் மாலை மறுபடி ஒரு போன். "நாளைக்கு எந்திரம் ஓடுமா?" என்ற ஒரே கேள்வி. கனமழை பெய்தால் ஈர இலை வாட நேரமாகும், ஓட்டும் நேரம் தள்ளிப்போகும். இந்தப் போன் உங்களுக்கு ஒரு காலைப்பொழுதை மிச்சப்படுத்தும்.

வாடகைக் கார் ஓட்டுநர் "நான் நல்ல பேக்டரிக்கு அழைத்துப்போகிறேன்" என்றால் கொஞ்சம் யோசியுங்கள். பேக்டரி என்று பலகை மாட்டிய எல்லா இடத்திலும் எந்திரம் இருப்பதில்லை. சில வெறும் கடைகள். ஓட்டுநருக்கு அங்கே கமிஷன் கிடைக்கலாம்.

6. உடுப்பு, வாசனை

மூடிய காலணி அவசியம். தாவணி, துப்பட்டா, முந்தானை எல்லாவற்றையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்; கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். உருளைகளும் பட்டைகளும் திறந்தே ஓடும் இடங்கள் உண்டு. சென்ட் பூசாதீர்கள், தலையில் மல்லிகைப்பூ வேண்டாம். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். என் மாமியாரிடம் பூவை எடுக்கச் சொல்வதற்கு இ-பாஸ் எடுத்ததைவிட அதிக நேரமானது.

7. உள்ளே எதைப் பார்ப்பது

மாடியிலிருந்து தொடங்குங்கள். அங்கே நீள நீளமான தொட்டிகளில் இலை முழங்கால் உயரத்துக்குக் குறைவாகப் பரப்பியிருக்கும், அடியிலிருந்து விசிறி காற்றை ஊதும். டீமேக்கர் ஒரு கொழுந்தை எடுத்து என் மகளிடம் நீட்டி, "காம்பை மடக்கிப் பாரும்மா, ஒடிகிறதா?" என்றார். ஒடியவில்லை, ரப்பர் மாதிரி வளைந்தது. "ஒடிந்தால் இன்னும் வாடவேண்டும் என்று அர்த்தம்." பிறகு ஒரு பிடி இலையை உருண்டையாகப் பிடித்துவிட்டார், அது மெதுவாகப் பிரிந்தது. கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே இவ்வளவு தெரிந்துகொள்கிறார்கள்.

கீழே வந்தால் இரண்டு வழி. நம் கடைகளில் கிடைக்கும் உருண்டை உருண்டையான டீத்தூள் சி.டி.சி. வகை. பற்கள் கொண்ட இரண்டு உருளைகள் எதிரெதிரே சுழன்று இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகின்றன. ஒன்று ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் மற்றது ஏறத்தாழ பத்துச் சுற்றுச் சுற்றும். அந்த வேக வித்தியாசத்தில்தான் இலை கிழிகிறது. சத்தம் காதை அடைக்கும், கேள்விகளை முன்பே கேட்டுவிடுங்கள். ஆர்த்தடாக்ஸ் வகையில் இலையை ஒரு வட்ட மேசையில் உருட்டிப் பிசைவார்கள். முறுக்கிய இலையாகவே கிடைக்கும். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஒரே தொழிற்சாலையில் இரண்டும் இருக்கவேண்டும் என்பதில்லை. போனிலேயே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து நிற்கவேண்டிய இடம், இலை நிறம் மாறும் இடம். பச்சையாக வந்து விழுந்தது கண்ணெதிரே செப்புக்காசு நிறத்துக்குப் போகிறது. பச்சைப்புல் வாசனை மறைந்து, பழவாசனை போல ஒன்று எழும். புளிக்கவைப்பது என்று சொல்கிறார்கள். உண்மையில் வெட்டிவைத்த ஆப்பிள் பழுப்பு நிறமாவதுபோலக் காற்று பட்டு நடக்கும் மாற்றம்தான் அது. இங்கே பத்து நிமிடமாவது நில்லுங்கள். காட்சிக்கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தபோது எனக்கு நிறம் தெரிந்தது, வாசனை தெரியவில்லை. மூக்கு இல்லாமல் பார்ப்பதில் பாதிதான் கிடைக்கிறது.

அப்புறம் உலர்த்தும் எந்திரம். சூடான காற்றில் ஈரம் மூன்று சதவீதம் அளவுக்கு இறங்கிக் கறுப்பாக வெளியே வரும். சலித்துப் பிரிக்கும் இடத்தில் தூசி பறக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுங்கள். ஏறத்தாழ நான்கரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள்.

8. ருசி பார்ப்பது

கேட்டால்தான் காட்டுவார்கள், ஆகவே கேளுங்கள். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ருசி பார்ப்பதற்கான சர்வதேச அளவு, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். வீட்டில் நாம் போடுவதைவிட நன்றாகவே கசக்கும். கரண்டியில் எடுத்து, உறிஞ்சும் சத்தம் நன்றாகக் கேட்கும்படி இழுத்து, வாயெல்லாம் பரவவிட்டு, துப்பிவிடவேண்டும். வெட்கப்பட்டு மெதுவாக உறிஞ்சினால் ஒன்றும் தெரியாது. என் பிள்ளைகளுக்கு அன்றைய நாளிலேயே பிடித்த வேலை இதுதான். சத்தம் போட்டு உறிஞ்ச அனுமதி கிடைக்கிறதே.

மெல்லியதிலிருந்து அழுத்தமானதற்குப் போங்கள். முதலில் ஆர்த்தடாக்ஸ், பிறகு சி.டி.சி., கடைசியில் டஸ்ட் என்னும் பொடித்தூள். கொதித்த இலையை மோந்து பாருங்கள், அதன் நிறத்தைப் பாருங்கள். புதுச் செம்பு போலப் பளிச்சென்று இருந்தால் நல்லது, பச்சையாகவோ மங்கலாகவோ இருந்தால் எங்கோ தவறியிருக்கிறது. காலையில் பூண்டுச் சட்னியோடு தோசை சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், வெற்றிலை பாக்கும் வேண்டாம். முதல் கோப்பையை ருசித்த என் மாமியார், "இது கஷாயம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். டீமேக்கர் சிரித்துக்கொண்டே டஸ்ட் கோப்பையில் பால் ஊற்றிக் கொடுத்தார். அதற்கு மறுப்பில்லை.

9. வாங்கும்போது

பாக்கெட்டில் இருக்கும் பி.ஓ.பி., டஸ்ட் போன்ற பெயர்கள் தூளின் அளவையும் வடிவையும்தான் சொல்கின்றன, தரத்தை அல்ல. பால் டீக்கு டஸ்ட் வாங்குங்கள். குறைந்த தூளில் நிறம் இறங்கும். பால் இல்லாமல் குடிப்பதற்கு ஆர்த்தடாக்ஸ் இலை. பாலில் போட்டுக் கொதிக்கவைக்க விலையுயர்ந்த இலைத் தேயிலையை வாங்குவது காசைக் கரியாக்குவது. வெள்ளைத் தேயிலை என்று சின்ன டப்பாவில் பெரிய விலைக்கு நீட்டுவார்கள். அது விரியாத மொட்டுகளிலிருந்து செய்வது. டப்பாவைத் திறந்து வெள்ளி நிற மயிர் படர்ந்த மொட்டுகள் தெரிகிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

பொதிந்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்தவர் முகவரி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சாலையோரத்தில் சாக்கில் அளந்து தரும் மலிவுத் தூளில் சாயம் கலந்திருக்கலாம். சோதனை எளிது: நனைத்த வடிதாளில் கொஞ்சம் தூளைத் தூவி, சிறிது நேரம் கழித்துத் தூளை அகற்றி, தாளைக் குழாய் நீரில் கழுவுங்கள். பழுப்புக் கறை அப்படியே நின்றால் சாயம். கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் தூளும், அரசுத் தோட்டக் கழகமான டேன்டீயின் தூளும் நியாயமான விலைக்குக் கிடைக்கும்.

10. செலவு, நேரம்

நாங்கள் போன தொழிற்சாலையில் கட்டணம் வாங்கவில்லை. சுற்றிக் காட்டியவருக்கு 200 ரூபாய் கொடுக்கப் போனேன், மறுத்துவிட்டார். அங்கேயே இரண்டு கிலோ வாங்கினோம், அதுதான் மரியாதை என்று தோன்றியது. பணமாகவே எடுத்துப் போங்கள், மலையில் கைபேசிப் பணம் எப்போதும் கைகொடுக்காது. டிக்கெட் போட்டுக் காட்டும் இடங்களில் டிக்கெட்டைவிட வண்டி நிறுத்தும் கட்டணமும் உள்ளிருக்கும் சாக்லேட் கடையும்தான் பையைக் கரைக்கும். பிள்ளைகளிடம் முன்பே ஒரு தொகையைச் சொல்லி வைத்துவிடுங்கள். நேரம், போக வர உட்பட மூன்று மணி நேரம் பிடிக்கும். மதியத்துக்கு மேல் லாம்ஸ் ராக், டால்பின் மூக்கு என்று மலைக்காட்சி முனைகளைச் சுற்றலாம். அப்போது பனிமூட்டம் இறங்கி ஒன்றும் தெரியாமலும் போகலாம்.

வீட்டுக்கு வந்ததும் தூளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மசாலா அடுக்கிலிருந்து தள்ளி வையுங்கள். நாங்கள் அவசரத்தில் ஒரு பொட்டலத்தைச் சாம்பார்பொடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம். கால் கிலோ. இன்னும் பாதி இருக்கிறது, விருந்தாளிகளுக்குக்கூடக் கொடுக்க முடியவில்லை.